எடுத்தால் போதுமா?

மன்னர்களுக்குக் கல்வெட்டு இருந்தது. செல்வர்களுக்குப் பத்திரமும் பட்டயமும் இருந்தன. கூடத்துச் சுவரில் பெரிய சட்டங்களுக்குள் முன்னோரின் படங்களும் இருந்தன. ஏழை எளியவரின் குடும்ப வரலாறு எங்கே இருந்தது? பெரும்பாலும் எங்கும் இல்லை. பாட்டனின் முகம் பேரனுக்குத் தெரியாது. பாட்டியின் முகமோ, அரசாங்க அட்டை ஒன்றுக்காக எடுத்த ஒற்றைப் படத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும். நம் கல்லூரியில் படிக்கும் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்களே.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கூலி வேலைக்குச் செல்லும் அண்ணனின் சட்டைப் பையிலும் புகைப்படக் கருவி இருக்கிறது. குழந்தை தவழ்ந்தால் படம். தாத்தா சிரித்தால் படம். மாடு கன்று ஈன்றால் படம். சில ஆண்டுகளுக்குள் ஒரு வீட்டில் 20,000 படங்கள் சேர்வது வியப்பன்று. ஒரு படம் ஏறத்தாழ 4 எம்.பி. எனக் கொண்டால், மொத்தம் 80 ஜி.பி. ஆகிறது. நம் குடும்பங்களின் வரலாற்றில் இதுவரை காணாத செல்வம் இது!

ஆனால், நண்பர்களே, அந்தச் செல்வம் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு கைப்பேசியில். அது கிணற்றில் விழுந்தால்? பேருந்து நெரிசலில் களவு போனால்? ஒரு படத்தோடு வாழ்ந்த பாட்டியின் தலைமுறைக்கும், 20,000 படங்களோடு வாழும் நம் தலைமுறைக்கும் வேறுபாடு இல்லாமற் போய்விடும். படம் எடுப்பது வேறு. படத்தைக் காப்பது வேறு. முன்னதைக் கருவி செய்துவிடும். பின்னதை மனிதன்தான் செய்ய வேண்டும். அதையும் ஒரு முறை செய்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது.

ஓலை தரும் பாடம்

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கரையானிடமிருந்தும் என்றென்றும் தப்பி நிற்பதில்லை. ஆயினும் சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. எப்படி? ஓலை பழுதாகும் முன்னே யாரோ ஒருவர் புதிய ஓலையில் எழுதி வைத்தார். அதுவும் பழுதாகும் முன் இன்னொருவர் எழுதினார். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, அவர் கையில் இருந்தவை புலவர்கள் எழுதிய முதல் ஓலைகள் அல்ல. நகலின் நகலின் நகல்கள். படியெடுக்க ஆள் இல்லாத நூல்கள் பெயர் மட்டும் தங்கி மறைந்தன. ஆக, காலத்தை வென்றது ஓலை அன்று, படியெடுத்த கைதான்!

படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று வேண்டுமா? 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு இடத்தில் படி இருந்த நூலை மீண்டும் வாங்கிவிடலாம். படி இல்லாத சுவடியை எந்தப் பொருள் கொடுத்து வாங்குவது? நம் வீட்டுப் படங்கள் அனைத்தும் படி இல்லாத சுவடிகளே. அவற்றை உலகில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

“ஓலைதான் அழியும், மின்னணுப் படம் அழியாது” என்று பலர் எண்ணுகின்றனர். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ஹார்டு டிஸ்கில் செய்தி காந்தப் புள்ளிகளாகப் பதிகிறது. சுழலும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது கீழே விழுந்தால், முனை தட்டில் உராய்ந்து அந்தப் பகுதியே பாழாகும். பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் செய்தி என்பது மின்கடத்தாப் படலத்துக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால், அவை மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். வெப்பம் மிகுந்தால் கசிவும் விரைவாகும். எழுதத்தக்க சி.டி.யில் இருப்பதோ சாயப்பூச்சு. வெயிலும் வெப்பமும் பட்டால் மங்கும்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் ஹார்டு டிஸ்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது தாங்கியதோ 50 லட்சம் எழுத்துகள்தாம். இன்று விரல்நகம் அளவுள்ள ஒரு 128 ஜி.பி. அட்டை அதைப் போல் 25,000 மடங்குக்கு மேல் தாங்குகிறது. இது அறிவியலின் வெற்றி, ஐயமில்லை. ஆயினும் வசதி பெருகிய இடத்தில் ஆபத்தும் பெருகியிருக்கிறது. பழைய காகிதப் படம் மங்கினாலும் முகம் தெரியும். ஓரம் கிழிந்தாலும் நடுவில் இருப்பவர் தப்புவார். மின்னணுப் படத்தின் கோப்பில் தொடக்கப் பகுதி கெட்டால் படம் முழுவதுமே திறக்காமற் போகலாம். விரல்நகம் அளவுள்ள அட்டை தொலைந்தால் பத்தாண்டு வாழ்க்கையும் அதனோடு தொலைகிறது.

மேகத்தில் வைத்தால் போதாதா?

“எல்லாம் கூகுளில் இருக்கிறது” என்பது இன்று பலரும் கூறும் விடை. இருக்கிறதா என்பது ஒரு கேள்வி; எவ்வளவு காலம் இருக்கும் என்பது மற்றொரு கேள்வி.

2015-இல் கூகுள் போட்டோஸ் தொடங்கியபோது, ஓரளவு சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜி.பி. இலவச இடத்துக்குள் கணக்காயின. நாம் மேலே பார்த்த 80 ஜி.பி. அதில் எப்படி அடங்கும்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்றும் விதி வந்தது. ஒரு காலத்தில் நம் நாட்டு இளைஞர்கள் மொய்த்த ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளத்தில் 2015-க்கு முன் பலர் ஏற்றிய பாட்டுகளும் படங்களும், கணினி மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது.

நிறுவனங்களைக் குறை கூறுவதற்காக இவற்றை அடுக்கவில்லை. அவை வணிகம் செய்கின்றன. வணிகத்தில் விதி மாறும். வாடகை வீட்டில் குடியிருப்பது தவறன்று. ஆனால் வாடகை வீட்டைச் சொந்த வீடென்று எண்ணிக்கொள்வது அறியாமை அன்றோ?

இன்னொன்றும் உண்டு. கைப்பேசியையும் மேகத்தையும் இணைத்துவிட்டால், இங்கே நீக்கிய படம் அங்கேயும் நீங்கிவிடும். குப்பைக் கூடையில் சில நாள் கிடந்து, பிறகு அடியோடு போய்விடும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை இரண்டாவது ஆள் என்று சொல்ல முடியுமா? ஆள் நகர்ந்தால் உருவமும் நகர்ந்துவிடும். அத்தகைய இணைப்பு நிழல், நகல் அன்று.

மூன்று, இரண்டு, ஒன்று

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளைக் கணக்குப்போல் இருக்கும். ஆனால் இதன் பின்னே நிகழ்தகவு இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு சாதனம் ஓராண்டில் கெட்டுப்போகும் வாய்ப்பு 20-இல் 1 என வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஆண்டில் கெடும் வாய்ப்பு 400-இல் 1. மூன்றும் கெடும் வாய்ப்பு 8,000-இல் 1. ஆனால் இந்தக் கணக்கு பொருந்த ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றின் கேடு மற்றொன்றைத் தொடக் கூடாது. மூன்றையும் ஒரே பீரோவில் வைத்தால் திருடனுக்கு மூன்றும் ஒன்றே, வெள்ளத்துக்கும் ஒன்றே. 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் எதையும் பார்த்து ஒதுங்கவில்லை. ஒரே ஹார்டு டிஸ்கில் இரண்டு அறைகள் பிரித்து, இரண்டிலும் படத்தைப் போட்டு வைப்பதும் இவ்வகைதான். ஒரே படகில் இரண்டு பேர் ஏறினால் படகு இரண்டாகிவிடாது.

நம் வீடுகளில் இதைச் செய்வது கடினமன்று. முதற்பிரதி கைப்பேசியில் இருக்கட்டும். இரண்டாவது ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். 2011 முதல் பல ஆண்டுகள் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது இயங்கினால் அதுவே போதும். மூன்றாவது பிரதி மணமாகிச் சென்ற அக்காவின் வீட்டிலோ, வேற்றூரில் இருக்கும் சித்தப்பாவின் வீட்டிலோ இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வரும்போது புதிய படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். சீர்வரிசையோடு ஒரு பென் டிரைவும் போய்வந்தால் என்ன குறைந்துவிடும்?

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. நகல் நாடாக்களை நாடினார்கள். அவை சரியாகப் பதியவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையைக் கவனிப்பதற்காக வீட்டிலிருந்தே பணியாற்றிய ஓர் அம்மையாரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் அந்தப் படத்தைக் காப்பாற்றியது. பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு பொய்த்த இடத்தில், வேறு இடத்தில் இருந்த ஒரு பிரதி கைகொடுத்தது!

களை எடுக்காத வயல்

“ஹார்டு டிஸ்க் வாங்க எங்களிடம் பணம் ஏது?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலியில் வாங்கக்கூடிய பொருள் அன்று அது. அதற்கு விடை, தேர்ந்தெடுத்தல்.

20,000 படங்களில், ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்தவை எத்தனை? வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த காலை வணக்கப் படங்கள் எத்தனை? களைகளை நீக்கி, வீட்டுக்கு உயிரான 1,000 படங்களைப் பொறுக்கி எடுத்தால் அவை 4 ஜி.பி.தான். மிகச் சிறிய பென் டிரைவிலும் அடங்கும், 15 ஜி.பி. இலவச இடத்திலும் அடங்கும். சில நூறு ரூபாயில் மூன்று வீடுகளில் மூன்று பிரதிகள் வைத்துவிடலாம். எல்லாவற்றையும் காக்க முடியாதவர், எதையும் காக்காமல் விட வேண்டியதில்லை.

தேர்ந்தெடுத்தவற்றுக்குப் பெயரும் இட வேண்டும். 2024-01-15-பொங்கல் என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் உறைக்குப் பெயரிட்டால் கணினி தானே காலமுறைப்படி அடுக்கிவிடும். படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயர் இல்லாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியர் முகமே. உறவினருக்குப் படம் அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி முதலிய குறிப்புகளும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் முழுமையாகப் போய்ச்சேரும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். அதைப் பார்க்கப் பாட்டிக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை.

பாஸ்வேர்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்தின் படங்கள் எல்லாம் ஒருவரின் பூட்டிய கைப்பேசியில் இருந்து, அவர் திடீரென மறைந்தால், அந்தப் படங்களும் அவரோடு மறைகின்றன. செயலற்றுப்போகும் கணக்குக்கு உரியவரை முன்கூட்டியே குறிப்பிடும் வசதி கூகுளில் 2013 முதல் இருக்கிறது. நிலத்துக்கு வாரிசு எழுதும் நாம், நினைவுக்கும் வாரிசு எழுதுவதில் என்ன தயக்கம்?

யாருக்கு வேண்டும் இந்தப் படங்கள்?

“நம் வீட்டுப் படங்களை உலகமா தேடப் போகிறது?” என்பார் சிலர். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பிறர் வேண்டாமென எறியும் நோட்டீசுகளையும் பழைய புத்தகங்களையும் தம் வீட்டில் சேர்த்தார். அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. பழைய தமிழ்ப் புகைப்பட நிலையங்களின் படங்களைத் தேடி எண்ணியமாக்கும் பணியைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. அன்று சாதாரணமாக இருந்தவை இன்று வரலாறு. வசதி படைத்தோரின் வாழ்வை ஆவணக் காப்பகங்கள் காக்கும். உழைப்போரின் வாழ்வுக்கு அவரவர் வீட்டைத் தவிர வேறு காப்பகம் இல்லை. அந்தக் காப்பகத்துக்குக் காவலர் யார்?

நாம்தான். ஒரு காலத்தில் ஊரில் எழுத்தறிந்த ஒருவர் மற்றவர்களின் கடிதங்களைப் படித்துக் காட்டினார். மனு எழுதிக் கொடுத்தார். இன்று பல வீடுகளில் கோப்பு என்றால் என்ன, நகல் என்றால் என்ன என்று அறிந்த முதல் ஆள் கல்லூரிக்கு வந்த பிள்ளையே. படிப்பு என்பது வேலைக்கு மட்டுமா? வீட்டின் நினைவைக் காப்பதற்கும் அது பயன்பட வேண்டும்.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். மார்ச் 31-ஐ உலக நகல் நாளாகப் பலர் கடைப்பிடிக்கின்றனர். அந்த நாளையொட்டி நம் கணினி ஆய்வகத்தை ஒரு நாள் திறந்துவிட்டு, மாணவர்கள் தம் வீட்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதையே கிராமங்களுக்கும் கொண்டுசெல்லலாம்.

நண்பர்களே! இந்த விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். ஆயிரம் வேண்டாம்; நூறு படங்களில் தொடங்குங்கள். தாத்தாவையும் பாட்டியையும் அருகில் உட்கார வைத்துப் பெயர் கேளுங்கள். ஓலையைப் படியெடுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. நம் பெயரும் தெரியாமலே போகட்டும். நாம் படியெடுத்த முகங்கள் வாழட்டும்!