குழித்தறி மட்டுமா காரணம்?

பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களின் கால் எரிச்சலுக்குக் குழித்தறிதான் காரணம், நரம்புத் தைலமும் கொதிக்கும் வெந்நீரும் போதும் என்கிறீர்கள். ஏற்க முடியாது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நரம்பு அழுந்தும், உண்மைதான். எழுந்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி மேலேறும் மதமதப்பு, இரவில் கூடும் எரிச்சல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. அடுத்து வைட்டமின் பி12, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம்.

மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்நீரில் கொப்பளித்த பாதம், சர்க்கரை உள்ளவருக்கு விரலை எடுக்கும் நிலை வரை போகும். பெயரில்லாத பொட்டலத்துப் பஸ்பத்தில் (முறையான சித்த மருத்துவத்தைச் சொல்லவில்லை) ஈயமோ ஆர்சனிக்கோ இருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

‘மருத்துவர் மாத்திரையும் குணமாக்கவில்லையே’ என்கிறீர்கள். ஆமாம், அமிட்ரிப்டிலினும் பிரிகாபலினும் வலியைத்தான் தணிக்கும். ராத்திரி தூங்க முடிவது சின்ன விஷயமா? பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பு தேறவும் வாய்ப்புண்டு. நீரிழிவையும் நரம்புக் கோளாறையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதை நிறுத்திவிட்டுத் தைலம் தேய்க்கச் சொல்லாதீர்கள்.