வலிக்கு மின்சாரக் கடிவாளம்

வாளையார் வணிக வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. அந்த வரிசைகளில் வருடக்கணக்கில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கிடந்தவர்களின் இடுப்பு வலி மட்டும் முடியவில்லை. வலி முற்றினால் மேற்கே பாலக்காடு, கிழக்கே கோவை. மாத்திரை, தைலம், உழிச்சல் எல்லாம் பார்த்துச் சலித்தவர்களின் காதில் இப்போது விழும் வார்த்தை, நரம்பைத் தூண்டும் மின் சிகிச்சை.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் 'டென்ஸ்' என்ற சின்னப் பெட்டி. விலை சில ஆயிரம் ரூபாய். மற்றொன்று, தண்டுவடத்தை ஒட்டிக் கம்பி செருகி, தோலுக்கடியில் பேட்டரி புதைக்கும் தண்டுவடத் தூண்டி. செலவு பல லட்சம். தேர்வு தவறினால் குடும்பத்தின் சேமிப்பு கரையும், வலி அப்படியே இருக்கும்.

யோசனை பழையது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கு மின்சாரத் திருக்கை மீனைச் சிபாரிசு செய்தார். அதற்கு அறிவியல் விளக்கம் கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தை முட்டியை இடித்துக்கொண்டால் தாய் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பானால், மெல்லிய இழைகளில் வரும் வலிச் செய்திக்குத் தண்டுவடத்தில் ஒரு 'கதவு' சாத்தப்படுகிறது என்றார்கள் ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும். இரண்டே வருடத்தில், 1967இல், அமெரிக்க டாக்டர் நார்மன் ஷீலி முதல் தண்டுவடத் தூண்டியைப் பொருத்தினார்.

கருவி வேலை செய்கிறதா? டென்ஸ் பற்றிய 381 ஆய்வுகளை 2022இல் அலசியவர்கள், கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதாகச் சொன்னார்கள். ஆனால் நாள்பட்ட வலிக்கு நீடித்த பலன் உண்டா என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது 2019இன் காக்ரேன் மதிப்பீடு. ஆபத்து குறைவு என்பதால் பிசியோதெரபிஸ்டிடம் சில நாள் முயன்று பார்த்துவிட்டு வாங்கலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கழுத்தின் முன்புறத்திலோ மரத்துப்போன தோலிலோ பட்டை ஒட்டக்கூடாது.

தண்டுவடத் தூண்டியின் கதை சிக்கலானது. முதுகில் ஆபரேஷன் ஆன பிறகும் காலில் நரம்பு வலி தீராத 100 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதத்தில், கருவி பொருத்தியவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கால் வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் இந்தப் பலன். ஆனால் தங்களுக்குக் கருவி இருப்பது நோயாளிகளுக்குத் தெரியும். நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். நார்வேயில் இதேபோன்ற 50 பேருக்குக் கருவியைப் பொருத்தி, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். அன்றாட நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை என்றது 2022இல் வந்த முடிவு. வெறும் இடுப்பு வலிக்கு இக்கருவியை ஆதரிக்கும் சான்று இல்லை என 2023இல் காக்ரேனும் சொன்னது. தொற்று, கம்பி நகர்தல், மறு ஆபரேஷன் ஆகிய அபாயங்கள் வேறு.

எனவே விலையைக் கேட்கும் முன் வலியின் வகையைக் கேட்க வேண்டும். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற குத்தல், மரத்துப்போதல் எல்லாம் நரம்பு வலியின் அடையாளங்கள். தண்டுவடத் தூண்டியைப் பற்றி யோசிக்க இங்கேதான் ஓரளவு இடமுண்டு. அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் ஆறு மாதமாவது ஆன பிறகு. நிரந்தரமாகப் புதைக்கும் முன், தற்காலிகக் கம்பியோடு சில நாள் வெள்ளோட்டம் அவசியம். வலி பாதியாவது குறையவில்லை என்றால் கம்பியை எடுத்துவிட்டு வீடு திரும்புவதே லாபம். வேலை செய்து அசந்த தசை, தேய்ந்த மூட்டு என்றால் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில். திடீரென்று கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ எந்தக் கருவியும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

வாளையார் ஓட்டுநர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். புது டயர் மாட்டுவதற்கு முன், வண்டி ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பார்ப்பவர்கள் அவர்கள்.