டாங்கி பட்டறையில் பெண் என்ஜினீயர்: சட்டம் வழிவிட்டாச்சு... ராத்திரி வண்டி எங்கே?

ஆவடி,

"மெக்கானிக்கல் எடுக்கப் போறேன்" என்று பிளஸ்-2 முடித்த மகள் சொன்னால், "பொம்பள புள்ளைக்கு எதுக்கும்மா மெஷின் வேலை? கம்ப்யூட்டர் படி" என்பதுதான் பல வீடுகளில் முதல் பதில். அதையும் மீறி படித்து, ராணுவ தளவாட தொழிற்சாலைக்குள் நுழைகிற பெண்களுக்கு அடுத்த தடையாக நிற்பது கடிகாரம்!

1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டம், காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் பெண்கள் வேலை பார்க்கலாம் என்றது. ஓடும் எந்திரத்தின் முக்கிய பாகங்களுக்கு எண்ணெய் போடக்கூட பெண்களுக்கு அனுமதி இல்லை.

சட்டம் இப்படி இருந்த காலத்திலேயே சாதித்தவர் இலா மஜும்தார். 1951-ல் வங்காளத்தின் சிப்பூர் என்ஜினீயரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் பட்டம் வாங்கினார். கிளாஸ்கோவில் பயிற்சி முடித்து திரும்பி, டேராடூன் ராணுவ தளவாட தொழிற்சாலையில் கனரக எந்திர பராமரிப்பில் சேர்ந்தார். சில காலத்தில் ஆசிரியர் பணிக்கு மாறிவிட்டார். கொல்கத்தா பெண்கள் பாலிடெக்னிக்கின் முதல் முதல்வரும் அவரே.

ஐகோர்ட்டு போட்ட போடு

இரவு வேலை தடை செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு 2000-ம் ஆண்டிலேயே தீர்ப்பு சொன்னது. வாகன வசதி, ஓய்வறை, பாதுகாப்பு ஆகியவற்றை நிர்வாகம்தான் செய்து தரவேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்ட தொகுப்பும் அதே வழிதான். பெண் சம்மதித்தால் இரவிலும் வேலை பார்க்கலாம்.

சரி, நைட் ஷிப்டு கிடைத்தால் என்ன லாபம்? விஷயம் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்கு மெஷின் நின்றுபோனால், அதை பிரித்து ஓட வைப்பவர்தான் தொழிலை கற்கிறார். பகலில் மட்டும் வருகிறவர் கையில் பைல்தான் மிஞ்சும். பத்து வருஷம் கழித்து பட்டறை பொறுப்பு யாருக்கு கொடுப்பார்கள்? "அனுபவம் இல்லையேம்மா" என்ற ஒரே வார்த்தையில் பெண் ஓரங்கட்டப்படுவாள். திறமை குறைவு என்று யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை!

கையெழுத்து மட்டும் போதுமா?

வேலைக்கு பஞ்சமில்லை. 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ரூ.7 ஆயிரத்து 523 கோடியில் ஆவடி கனரக வாகன தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில் ஆர்டர் தரப்பட்டது. 2019-ல் தொடங்கிய ராணுவ தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என 5 இடங்கள் இருக்கின்றன. பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனிகளுக்கும் ஆட்கள் தேவை.

ஆனால் சம்மதம் என்பது வெறும் கையெழுத்து இல்லை. ஷிப்டு முடிந்து வீட்டு வாசல்வரை வண்டி வருமா? பட்டறைக்கு பக்கத்தில் கழிவறை உண்டா? கைக்குழந்தையை விட இடம் இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. இவை எதுவுமே இல்லாத இடத்தில் "உனக்கு சம்மதமா?" என்று கேட்டால், எந்த பெண்ணும் "வேண்டாம் சார்" என்றுதான் சொல்வாள். "பார்த்தீங்களா, அவங்களே வர மாட்டேங்குறாங்க" என்று நிர்வாகம் கையை விரித்துவிடும்.

எனவே இன்டர்வியூவுக்கு போகும் பெண்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு "ராத்திரி வண்டி உண்டா சார்?" என்றும் கேட்டுவிடுவது நல்லது. பட்டறையில் நிலைப்போமா, பைலோடு போவோமா என்பது அந்த பதிலில் தெரிந்துவிடும்.