சுவர் இருந்தால்தான் சித்திரம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் ஊர் கோவில்பட்டி. கரிசல் பூமியான அங்கே ஹாக்கிக்காரனுக்குத் தனி மதிப்பு உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது மதிப்பெண் மட்டுமல்ல, மட்டையும்தான்!

அந்த மட்டையைச் சென்ற ஆண்டு மூன்று மாதம் நான் தொட முடியவில்லை. ஒரு போட்டியில் பந்தை விரட்டி ஓடியபோது தொடையின் பின்புறம் 'சுரீர்' என்றது. தசை கிழிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் என் அம்மா, என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போன நாள்களின் கூலியை இழந்தார். நான் ஓடினேன், ஆடினேன். ஆனால் அந்த ஓட்டத்தைத் தாங்கும் வலுவை உடம்பில் சேர்த்தேனா? இல்லை!

நண்பர்களே, நம் ஆட்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஹாக்கியில் இடக்கை மட்டைக்கு இடமில்லை. ஆகவே உடம்பு ஒரே பக்கமாக முறுகுகிறது. குனிந்தபடியே ஓடுவதால் இடுப்புக்கு ஓய்வில்லை. பாய்ந்து ஓடுகையில் முன்னே வீசப்படும் காலைப் பின்தொடைத் தசைதான் கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்கிறது. நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய அந்த நொடியில்தான் வலுவற்ற தசை கிழிகிறது. 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. ஆட்டத்தின் வேகம் கூடியது. இன்று எங்கள் ஊரிலும் செயற்கைத் தரை இருக்கிறது. தரை மாறிவிட்டது, நம் பயிற்சி மாறியதா?

"தினமும் விளையாடுகிறோமே, தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்பார்கள். விளையாட்டு உடம்பின் வலுவைச் செலவழிக்கிறது. பயிற்சி அதைச் சேமிக்கிறது. சேமிப்பில்லாத செலவு எங்கே போய் முடியும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததா?

இதற்குப் பணமும் வேண்டாம், இரும்புக் கருவியும் வேண்டாம். முழங்காலிட்டு நில்லுங்கள். நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னே சாயுங்கள். இதுவே நார்டிக் பயிற்சி. இதை முறையாகச் செய்த விளையாட்டு அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. இதனோடு ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுதல், இடுப்புக்கும் தொடையிடுக்குக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம் விழித்துக்கொண்டால் உடல்வலிதான் மிஞ்சும்!

வாரம் இருமுறை, அரை மணி நேரம், ஆண்டு முழுவதும். இதைக் கல்லூரி அணிகள் அனைத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். அடுத்த வீரன் நம் மைதானத்திலும் இருக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டை வெறும் பொழுதுபோக்கு அல்ல. படிப்பும் வேலையும் அதில் இருக்கின்றன. அவனுடைய கால் கிழிந்த பின் கட்டுப்போட ஓடுவதைவிட, கிழியாமல் காப்பதே அறிவுடைமை அல்லவா?