முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள்

இயற்கை அரிசி எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவைத்தான். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த விழா. அங்கே விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய ரகங்கள் இன்று நம் கடைகளில் கிடைக்கின்றன என்றால், அந்த ஏற்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

பாக்கெட்டில் வாங்கினால், இயற்கை உணவுக்கான ‘ஜெய்விக் பாரத்’ முத்திரையைப் பாருங்கள். ஆனால் நேரடியாக நுகர்வோருக்கே விற்கும் விவசாயிக்கு 2017-ஆம் ஆண்டு இயற்கை உணவு விதிகள் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. அதனால் அவரிடம் முத்திரை இல்லாமல் இருக்கலாம். சந்தையில் அவரிடமே பேசுங்கள்: என்ன உரம், பூச்சி வந்தால் என்ன தெளிப்பீர்கள், வயலைப் பார்க்கலாமா? நேர்மையான விவசாயி நிச்சயம் அழைத்துப் போவார். பதில் திருப்தியளித்தால், தயவுசெய்து அவரிடம் பேரம் பேசாதீர்கள்.