கடன் வாங்கிய கால் பலம்

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "அப்பா வைத்துவிட்டுப் போன பழைய அம்பாஸிடர் ஒன்று வீட்டில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை. ஓட்டக் கால் வரவில்லை. பிரேக்கை மிதிப்பதற்குள் முழங்கால் கழன்றுவிடும் போல இருக்கிறது. பூஸ்டர் வைத்துவிட்டால் பூ மாதிரி மிதிக்கலாம் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம், அம்மா. எங்கள் வீட்டில் வைத்தோம். ஆனால் வைத்த பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்து ஏற்காட்டு மலையில் நாங்கள் பட்ட பாட்டையும் கேட்டுவிட்டு வையுங்கள்.

எங்களுடையது 1974-ம் வருஷத்து வண்டி. என் மாமனார் வாங்கியது. அதன் மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் கால்வாசி என் மாமியார் மேல் இருந்திருந்தால்... சரி, அது வேறு கதை. 2009-ம் வருஷம் ஒரு நாள் மாலை, அடையாறு பக்கம் நான் ஓட்டிக்கொண்டு வந்தபோது பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வந்துவிட்டான். உயிரைக் கொடுத்து மிதித்தேன். வண்டி நின்றது. பையனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அவன் பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டான். எனக்குத்தான் கை கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. "இனிமேல் இந்த வண்டியைத் தொடமாட்டேன்" என்று வீட்டில் சாவியை எறிந்தேன்.

என் கால் மேல் குற்றம் இல்லை. அந்தக் காலத்து வண்டியில் பிரேக்கை மிதித்தால், கால் ஒரு குழாயில் இருக்கும் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் நான்கு சக்கரத்துக்கும் ஓடி, உள்ளே இருக்கும் ஷூக்களைச் சுழலும் டிரம்மோடு அழுத்துகிறது. மிதியின் நெம்புகோல் பலமும் சிலிண்டர்களின் அளவு வித்தியாசமும் கொஞ்சம் கை கொடுக்கும். மற்றதெல்லாம் நம் கால்தான். நிறுத்த வேண்டியதோ ஒரு டன்னுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டர் என்பது ஒரு தகர டப்பா. பார்த்தால் மூடி போட்ட தோசைக்கல் மாதிரி இருக்கும். உள்ளே நடுவில் ஒரு ரப்பர்த் திரை. பெட்ரோல் இஞ்சின் ஓடும்போது, நாம் ஸ்ட்ரா வைத்து இளநீரை உறிஞ்சுகிற மாதிரி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அந்த உறிஞ்சலை ஒரு குழாய் வழியாக இந்த டப்பாவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பிரேக்கை மிதித்ததும் திரையின் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுகிறது. மறு பக்கம் வெற்றிடம். காற்று திரையைத் தள்ளுகிறது. 7 அங்குல அகலத் திரையானால் 150 கிலோவுக்கு மேல் தள்ளும். நம் காலோடு கூட ஒரு கொழுத்த பயில்வான் சேர்ந்து மிதிக்கிற மாதிரி!

என் மூத்த பிள்ளைக்கு இதில் திருப்தி இல்லை. காற்றாவது, டப்பாவாவது, எண்ணெய் அழுத்தத்தாலேயே உதவி செய்கிற பிரேக்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். அப்படியும் உண்டு. பவர் ஸ்டியரிங்கை ஓட்டுகிற பம்பின் எண்ணெயையே பிரேக்குக்கும் துணைக்கு அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சின் மாதிரி உறிஞ்சாது. ஆகவே டீசல் லாரிகள் சிலவற்றில் இந்த முறையையோ தனியாக ஒரு வெற்றிட பம்பையோ வைக்கிறார்கள். 1955-ல் பிரான்ஸில் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் எண்ணெய் அழுத்தம் செய்த வேலையைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. பிரேக் மிதிக்குப் பதில் தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர்க் குமிழ்! எல்லாம் சரி, எங்கள் அம்பாஸிடருக்குப் பவர் ஸ்டியரிங்கே கிடையாதே! பம்பு, பெல்ட், குழாய் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டதும் பிள்ளை வாயை மூடிக்கொண்டான்.

புதுப்பேட்டைக்குப் போனோம். பிற்கால அம்பாஸிடருக்கு உரிய பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் கிடைத்தன. வயதான மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "அம்மா, இப்ப பூஸ்டர் வைக்கமாட்டேன்" என்றார். "கிழவிக்கு வயித்தைச் சுத்தம் பண்ணாமல் டானிக் கொடுக்கக் கூடாது."

அவர் சொன்னது நியாயம்தான். பூஸ்டர் வந்தால் குழாயில் அழுத்தம் ஏறும். துருப்பிடித்த குழாயும் இற்றுப்போன ரப்பர் ஹோஸும் அதைத் தாங்குமா? அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஓர் இடத்தில் பொத்துக்கொண்டால் நான்கும் போச்சு. அதோடு இன்னொரு கண்ராவியையும் காட்டினார். முன்பு சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில், பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று கைக்கு அகப்பட்ட இஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே ரப்பர் வாஷர்களெல்லாம் ஊறிய ஜவ்வரிசியாக உப்பிக் கிடந்தன. பிரேக் டப்பியில் பிரேக் ஆயிலைத் தவிர வேறு ஒரு சொட்டும் படக்கூடாது, சகோதரிகளே. அந்த ஆயிலும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற ரகம் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 140-க்கே கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி வெறுமே தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஹோஸ், வாஷர், ஷூ எல்லாம் புதிது போட்டு, நான்கு நாள் கழித்துப் பூஸ்டரும் ஏறியது. மெக்கானிக் ஒரு பரீட்சையும் சொல்லிக் கொடுத்தார். இஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், மிதி கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் இஞ்சினை ஓட விடுங்கள். மிதி தானாகச் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு, "இஞ்சின் ஓடினால்தான் இந்தப் பலம். நின்றுபோனால் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அவ்வளவுதான்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மாமனார் மட்டும் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை. இறங்கும்போது, "நான் ஓட்டுகிறேன்" என்று மாமனார் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு ஒரு பழக்கம். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளி, இஞ்சினையும் நிறுத்திவிடுவார். பெட்ரோல் மிச்சம்! பின் ஸீட்டில் நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டியில் சப்தமே இல்லை. ஜன்னலில் காற்று மட்டும்.

முதல் வளைவில் மிதித்தார், பிடித்தது. இரண்டாவதில் அரைகுறையாகப் பிடித்தது. அடுத்ததில், "என்னடா இது, கல்லு மாதிரி இருக்கு!" என்று அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. புது மாஸ்டர் சிலிண்டர் பழையதைவிடப் பெரியது. உதவி இல்லாமல் அதைத் தள்ளப் பழைய நாளைவிடவும் அதிக பலம் வேண்டும். "மாமா, இரண்டு காலாலும் மிதியுங்கள்!" என்று நான் கத்த, பக்கத்திலிருந்த என் கணவர் ஹாண்ட் பிரேக்கை இழுக்க, சுவரோரம் உரசிக்கொண்டு வண்டி நின்றது. முறுக்கெல்லாம் முன் ஸீட்டில். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் கணவர் இஞ்சினை ஓட விட்டு, இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை கொண்டுவந்து சேர்த்தார். இஞ்சினே பாதி பிரேக் போட்டது.

ஊருக்குத் திரும்பிய மறு நாள், மோட்டார் ஓட்டவே தெரியாத என் மாமியார் ஒரு காகிதத் துண்டில் ஏதோ எழுதி, ஸ்டியரிங்குக்கு எதிரே பிள்ளையார் படத்தின் கீழ் ஒட்டிவிட்டு வந்தார். 'இரக்கத்தில் இஞ்சினை நிறுத்தக் கூடாது' என்றிருந்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இறக்கத்துக்குப் பெரிய 'ற' போட வேணும்" என்றார். சீட்டைக் கிழிக்கவில்லை.