தெளுவும் தேறலும்: நாம் கைவிட்ட குடிச்சொற்கள்

வேல்சு மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்குத் தொடக்கப் பாடங்களிலேயே குடிக்கும் பொருள்களின் பெயர்கள் வந்துவிடுகின்றன. தண்ணீர் 'தூர்', பியர் 'குரு'. 'ஒரு பைன்ட் பியர்' என்று கேட்கும்போது அந்தக் 'குரு' முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும். கள்ளும் குடமும் சேர்ந்தால் கட்குடம் ஆகும் என்று படித்த நமக்கு இது பெரிய வியப்பன்று. தேனிலிருந்து வடிக்கும் மதுவுக்கு அவர்கள் சொல் 'மேத்'. குடித்து மயங்கியவன் 'மெத்து'. வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'மது'வும் அந்த 'மேத்'தும் ஒரே மூலத்துச் சொற்கள். மதுக்கடைக்கு அவர்கள் வழங்கும் 'தவர்ன்' இலத்தீனிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தார் கள்ளுக்கடையைத் 'தவறணை' என்பர். ஐரோப்பியர் ஆட்சியில் கரையேறிய அந்தச் சொல்லுக்கும் மூலம் அதே இலத்தீன்தான்.

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு மொழியைப் பற்றிக் கொங்கு நாட்டிலிருந்து நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிறிய மொழியொன்று தன்னைக் காத்துக்கொள்ள முனையும்போது, கோயிலில் புழங்கும் சொல்லைப் போலவே கடையில் புழங்கும் சொல்லையும் கற்பிக்கிறது. நாமோ நம் சங்கப் பாடல்களுக்கு உரை எழுதும்போது ஏழெட்டுச் சொற்களுக்கும் 'கள்' என்ற ஒரே பொருளை எழுதி நகர்ந்துவிடுகிறோம்.

அந்தச் சொற்களைச் சற்று நின்று பார்ப்போம். நறவு என்பதில் நறுமணம் இருக்கிறது. பிழி என்பது பிழிந்தெடுத்தது. அரியல் அரித்து வடித்தது. தேறல் என்பது தெளிந்தது. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலேயே சமைத்துக்கொண்டது. ஒவ்வொரு பெயரும் செய்முறையைச் சொல்கிறது. மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கிற் குழாயில் முற்றவைத்த தேறலைப் பேசுகின்றன. யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் பாடுகிறார். அயல்நாட்டு மதுவுக்கும் அவர் அயல்மொழிப் பெயரைத் தேடவில்லை, 'தேறல்' என்றே சொல்கிறார். அந்த யவனரின் உரோமக் காசுகள் கோவையை அடுத்த வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

கள்ளும் களிப்பும் ஓரினச் சொற்கள் என்பர் சொல்லாய்வாளர். மகிழ் என்பதும் அப்படியே. 'நாள்மகிழ் இருக்கை' என்று புறப்பாடல்கள் கூறுவது மன்னன் பகற்போதில் மதுவுண்டு வீற்றிருந்த அவையை. இன்று நாம் மேடைதோறும் சொல்லும் 'மகிழ்ச்சி'யின் அடியில் அந்தப் பழைய கலயம் கிடக்கிறது. தகடூர் அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்திலிருந்துதான் தொடங்குகிறது. வேல்சு மொழியின் பழம்பாட்டுகளுள் ஒன்றான 'கொடோதின்', போருக்குமுன் ஓராண்டு மேத் அருந்தி அதற்கு உயிரை விலையாகக் கொடுத்த வீரர்களைப் பாடுகிறது. நம் இலக்கணத்தில் உண்டாட்டு என்றொரு துறையே உண்டு. கொடுத்தவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான கடப்பாட்டைச் சொல்லும் சொற்கள் இவை. குடிவெறியை மட்டுமே இவற்றில் காண்பவர் பாட்டைத் தவறவிடுகிறார்.

சங்கச் சொற்கள் ஏட்டிலாவது இருக்கின்றன. கொங்குச் சொற்களின் நிலை வேறு. தமிழகத்தின் பிற பகுதிகளில் பதநீர் என்பதை இங்கே 'தெளுவு' என்பர். ஈழத்தில் அது கருப்பநீர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து வடிவது இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகும். 'தெளுவு' என்ற சொல்லில் 'தெள்' என்ற அடி வெளிப்படையாகத் தெரிகிறது. நக்கீரரின் தேறலும் பொள்ளாச்சிச் சாலையோரத்துத் தெளுவும் தெளிவு என்ற ஒரே எண்ணத்திலிருந்து பிறந்த பெயர்கள். ஒன்றைச் செவ்வியல் என்று தொழுகிறோம், மற்றொன்றைக் கொச்சை என்று ஒதுக்குகிறோம். 2017இல் தென்னையிலிருந்து புளிக்காத சாற்றை இறக்கி விற்கத் தமிழக அரசு வழிசெய்தபோது அதற்கு வாய்த்த பெயர் 'நீரா'. பிற மாநிலங்களில் புழங்கிய பெயர் அது. தெளுவு என்ற சொல் நம் தோட்டங்களிலேயே இருந்தும் உரிமத்தில் இடம்பெறவில்லை.

இந்தக் கைவிடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி கொங்கு மண்ணிலேயே நடந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதில் முன்னின்றார்கள். பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த 'விமோசனம்' மதுவிலக்குக்கென்றே நடந்த இதழ். அதன் பணியில் கல்கி இருந்தார். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். 1971இல் விலக்கு தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 சனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே எடுத்துக்கொண்டது.

விளைவு என்ன? பொதுவாக ஐந்து விழுக்காட்டை ஒட்டிய போதை கொண்ட கள் குற்றமாயிற்று, 42.8 விழுக்காடு கொண்ட பிராந்தியும் விஸ்கியும் அரசுக் கடையில் கிடைக்கின்றன. சொல்லுலகில் நடந்ததும் இதுவே. மரத்தோடும் பருவத்தோடும் கலயத்தோடும் பிணைந்த சொற்கள் போய், குவார்ட்டர், கட்டிங், சைடு டிஷ் என்று அளவையும் அவசரத்தையும் மட்டுமே குறிக்கும் சொற்கள் வந்தன. கடையின் பெயரோ ஓர் ஆங்கில நிறுவனப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். ஆட்சிமொழி பற்றி இத்தனை பேசிய ஒரு மாநிலத்தில், தினமும் பலர் சொல்லும் சொல் இப்படி அமைந்துவிட்டது. 'கள்ளச்சாராயம்' என்பதில் இருப்பது திருட்டைக் குறிக்கும் கள்ளம். அதற்கும் பனங்கள்ளுக்கும் தொடர்பில்லை. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த நஞ்சினால். ஆயினும் இவை எல்லாவற்றையும் 'குடி' என்ற ஒரே சொல்லில் அடைத்துப் பேசுகிறோம். சொற்களில் வேறுபாடு மறைந்தால் சட்டத்திலும் விவாதத்திலும் வேறுபாடு மறைகிறது. செ. நல்லசாமி ஒருங்கிணைக்கும் கள் இயக்கம் 'கள் உணவே' என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவருவதை ஏற்பவர் இருக்கலாம், மறுப்பவர் இருக்கலாம். அந்த வாதத்தைச் சரியாகக் கேட்பதற்கே சொற்கள் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. குடியால் சிதைந்த வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டுக்கு முன் சொல்லாராய்ச்சி ஓர் ஆடம்பரம் அல்லவா? மரமேறியவரின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டு அவரையே இழிசொல்லால் அழைத்த ஊர்தானே இது? ஆம். அதனால்தான் அந்தச் சொற்களும் பதிவாக வேண்டும் என்கிறோம். மறியலில் நின்ற நாகம்மையாரின் கோபம் எதை நோக்கியது என்பதையும் இச்சொற்களோடு சேர்த்தே எழுத வேண்டும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் எழுதினார். காமத்துப்பாலில் அதே கள்ளின் களிப்பை உவமைக்கும் அழைத்துக்கொண்டார். பொருளைக் கடிந்தவர் சொல்லைக் கடியவில்லை.

வேல்சு நாட்டிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே மொழியைக் காத்த தேவாலயங்களே மதுவிலக்கையும் வலியுறுத்தின. 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடவைத்தது. தூய்வோர் மாவட்டத்தில் அது 1996 வரை நீடித்தது. அதே நிலப்பகுதியில்தான், லீன் தீபகற்பத்தில், 1988இல் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து 'தவர்ன் அ விக்' என்ற மதுக்கடையைத் தங்கள் மொழி புழங்கும் இடமாக நடத்தத் தொடங்கினார்கள். குடிக்காதே என்றவர்களும் குடித்தவர்களும் ஒரே மொழியில் சண்டையிட்டார்கள். அதனால் மொழி பிழைத்தது.

பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் வந்தது. ஒருவர் தனியே இழுத்த தேர் அது. பாளை சீவுவதிலிருந்து கருப்பட்டி காய்ச்சுவது வரை ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மரமேறிகளிடம் பெயர் உண்டு. தொழில் தடைப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டதால் அவற்றை அறிந்தவர்கள் முதியவர்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்துப் பனங்காடுகளில் அவர்களைத் தேடிக் கேட்கலாம். வாளையாறு தாண்டினால் கள்ளிறக்குவது உரிமம் பெற்ற தொழில். சித்தூர்த் தோப்புகளில் தமிழும் மலையாளமும் கலந்து அச்சொற்கள் இன்னும் வாழ்கின்றன. கோவையின் கல்லூரித் தமிழ்த்துறைகள் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்கினால் போதும். பாடநூல் உரையாசிரியர்கள் தேறலைத் தேறல் என்றும் தோப்பியைத் தோப்பி என்றும் பிரித்து விளக்கினால் மாணவர் கெட்டுப்போக மாட்டார்கள், பாட்டு விளங்கும்.

கள்ளுக்கடை மீண்டும் திறக்கப்பட வேண்டுமா என்பதை மக்கள் தீர்மானிக்கட்டும். சொல்லகராதியில் அந்தப் பக்கங்களை மூடிவைக்க எந்தச் சட்டமும் நமக்குக் கட்டளையிடவில்லை, நாமாகத்தான் மூடிவைத்திருக்கிறோம்.